அரசியல் பேசும் வீட்டில் நிம்மதியாக இருப்பது எப்படி?

2024 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டின் 39 தொகுதிகளுக்கும் ஏப்ரல் 19 அன்று ஒரே நாளில் வாக்குப்பதிவு முடிந்துவிட்டது. எண்ணிக்கை ஜூன் 4. இடையில் ஆறு வாரத்துக்கும் மேல் வாக்கு இயந்திரங்கள் சீல் வைத்த அறைகளில், ஆயுதக் காவலோடும் சிசிடிவி கேமராவோடும் கிடந்தன. அந்த நாட்களில் யார் என்ன பேசினாலும் ஒரு ஓட்டுகூட மாறப்போவதில்லை. ஆனாலும் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் சண்டை ஓயவில்லை. குழுவைவிட்டு வெளியேறிய சித்தப்பாக்கள் உண்டு. வளைகாப்புக்கு வராமல் போன அத்தைகள் உண்டு.

ஓட்டு மாறாது என்று தெரிந்த பிறகும் சண்டை நடக்கிறது என்றால், அது எதற்காக நடக்கிறது? இந்தக் கேள்விக்கு உங்கள் வீட்டளவில் பதில் கண்டுபிடித்துவிட்டால் பாதி நிம்மதி வந்துவிடும். மீதிப் பாதிக்குக் கொஞ்சம் பழக்கம் வேண்டும். அந்தப் பழக்கங்களைத்தான் கீழே படிப்படியாக எழுதியிருக்கிறேன்.

முதல் ஓட்டுப் போட்ட கையோடு குழுவில் கருத்துச் சொல்லி வாங்கிக்கட்டிக்கொண்ட தம்பி தங்கைகள், ஓய்வு பெற்ற பிறகு யூடியூப் பக்கம் வந்து ராத்திரித் தூக்கத்தை இழந்த அப்பா அம்மாக்கள், கல்யாணமாகி வேறு கட்சி வீட்டுக்குள் நுழைந்த மருமகள்கள், மருமகன்கள். இவர்களை மனதில் வைத்தே எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அரசியலே பேசாதீர்கள், செய்தியே பார்க்காதீர்கள் என்பது என் யோசனை இல்லை. ரேஷன் கடையில் என்ன கிடைக்கும், பிள்ளை எந்த மொழியில் படிக்கும், யார் எந்தத் தெருவில் நடக்கலாம் என்பதையெல்லாம் முடிவு செய்வது அரசியல்தான். அதிலிருந்து விலகி நின்று கிடைக்கும் அமைதியின் விலையை வேறு யாரோ கொடுக்க வேண்டியிருக்கும். அரசியலை உங்கள் கைக்கு எட்டும் இடத்துக்குக் கொண்டுபோய், உறவை உறவாக விட்டுவைப்பது எப்படி என்பதுதான் இங்கே பேச்சு.

முதலில்: சண்டை எதைப் பற்றியது என்று பிரித்துப் பாருங்கள்

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். பெரியப்பா ஓய்வு பெற்ற அரசு ஊழியர். காலை ஆறு மணிக்குக் குடும்பக் குழுவில் ஒரு பதிவை அனுப்புகிறார்: இலவசங்களைக் கொடுத்தே மக்களைச் சோம்பேறி ஆக்கிவிட்டார்கள், பஸ்கூட இலவசமாம். அதே குழுவில் இருக்கும் தம்பி மகள் ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறாள். 2021 மே மாதத்திலிருந்து அரசின் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. அந்தப் பேருந்தில்தான் அவள் தினமும் போய் வருகிறாள். பதிவைப் படித்ததும் அவளுக்குச் சுர்ரென்று ஏறுகிறது. “வீட்டில் உட்கார்ந்து பென்ஷன் வாங்குபவர்கள் எல்லாம் சோம்பேறி பற்றிப் பேசுகிறார்கள்” என்று போட்டுவிடுகிறாள். மதியத்துக்குள் குழு இரண்டாகிவிட்டது.

பேருந்துத் திட்டத்தைப் பற்றி இதில் யாராவது பேசினார்களா? போக்குவரத்துக் கழகத்துக்கு அரசு எவ்வளவு ஈடு கட்டுகிறது, பெண்கள் வேலைக்குப் போவது கூடியிருக்கிறதா, அந்தப் பணத்தில் வேறு என்ன செய்திருக்கலாம் என்று ஒரு வார்த்தை இல்லை. அவள் காதில் விழுந்தது ‘நீ ஓசியில் வாழ்கிறாய்’ என்பது. அவர் காதில் விழுந்தது ‘முப்பது வருஷம் உழைத்ததற்கு மதிப்பில்லை’ என்பது. இன்னும் கொஞ்சம் தோண்டினால், அவள் அப்பா இறந்தபோது காலேஜ் ஃபீஸுக்குப் பெரியப்பா கை கொடுக்கவில்லை என்ற பழைய வருத்தமும் அடியில் கிடக்கும்.

ஆக, ஒரே சண்டைக்குள் மூன்று இருக்கின்றன. ஒன்று கொள்கை: நீட், இட ஒதுக்கீடு, மொழி, இலவசம், கோயில் நிர்வாகம். இரண்டாவது மரியாதை: என்னை முட்டாள் என்கிறானா, எனக்கு வயசுக்கு மதிப்பில்லையா. மூன்றாவது பழைய கணக்கு: சொத்து, சீர், படிப்புச் செலவு, யார் யாரை ஆஸ்பத்திரியில் வந்து பார்க்கவில்லை என்பது. நான் கவனித்த வரையில் வீட்டுச் சண்டைகளில் முதலாவதுக்கு இருக்கும் பங்கு ரொம்பக் குறைவு. பழைய கணக்கு கட்சி வேட்டியைக் கட்டிக்கொண்டு வந்து நிற்கிறது.

அடுத்த முறை கோபம் வரும்போது ஒரு துண்டுக் காகிதத்தில் மூன்றையும் எழுதி, இந்தச் சண்டையில் எது எவ்வளவு என்று பாருங்கள். மனதுக்குள் செய்தால் போதாது. கையால் எழுதும்போதுதான் ‘ஓ, எனக்கு வலித்தது அந்த ஃபீஸ் விஷயம்’ என்று தெரியவரும். கொள்கை என்றால் வாதத்தால் பதில் சொல்லலாம். மரியாதைப் பிரச்சினைக்கு எத்தனை புள்ளிவிவரம் கொடுத்தாலும் அது தீராது. பழைய கணக்கைத் தீர்க்க வேண்டுமானால் நேரில் போய் உட்கார்ந்துதான் ஆக வேண்டும். முதல்வர் யாராக இருந்தாலும் அந்தக் கணக்கு அப்படியேதான் இருக்கும்.

உடம்பைக் கவனித்த பிறகு பதில்

கோபம் முதலில் உடம்பில் வருகிறது. தாடை இறுகும், காது சூடாகும், மூச்சு மேலோட்டமாக ஓடும், கட்டைவிரல் தானாக வேகமெடுக்கும். அந்த நேரத்தில் நாம் எழுதுவது எதிராளியைத் தாக்குவதற்கான எழுத்தாகத்தான் இருக்கும். வேறு மாதிரி எழுத அப்போது உடம்பு விடாது.

செய்ய வேண்டியது எளிது. போனைக் கவிழ்த்து வையுங்கள். மூக்கு வழியாக நான்கு எண்ணும் நேரம் மூச்சை இழுத்து, ஆறு எண்ணும் நேரம் மெதுவாக விடுங்கள். இழுப்பதைவிட விடுவது நீளமாக இருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். மூச்சை நீளமாக விடும்போது இதயத் துடிப்பு தணிகிறது. உடம்பின் அமைப்பே அப்படி. நான்கைந்து நிமிடம் செய்தால் வித்தியாசம் தெரியும். எழுந்து போய் முகம் கழுவுங்கள், தண்ணீர் குடியுங்கள், மாடிப்படி ஏறி இறங்குங்கள். அப்புறமும் பதில் எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றினால், வாட்ஸ்அப்பில் எழுதாமல் போனில் உள்ள குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். காலையில் எழுந்து படித்துப் பாருங்கள். பெரும்பாலும் அனுப்ப மாட்டீர்கள்.

குரல் பதிவு அனுப்புவதை மட்டும் அறவே தவிர்த்துவிடுங்கள். கோபத்தில் பேசிய குரல் இருபது பேரின் போனில் தங்கி, வருஷக்கணக்கில் திரும்பத் திரும்ப ஒலிக்கும்.

சிலருக்கு இது இந்த அளவில் நிற்பதில்லை. இரண்டு வாரத்துக்கு மேல் சரியான தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, எப்போதும் ஏதோ கெட்டது நடக்கப்போகிற மாதிரி நெஞ்சு படபடக்கிறது, வாழவே பிடிக்கவில்லை என்றெல்லாம் இருந்தால் மூச்சுப் பயிற்சியோடு நிறுத்தக் கூடாது. 14416 என்பது ஒன்றிய அரசின் டெலிமானஸ் மனநல உதவி எண். 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். மாவட்ட அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. சர்க்கரைக்கு டாக்டரைப் பார்ப்பது எப்படி வெட்கமில்லையோ, இதற்கும் வெட்கமில்லை.

போனில் செய்ய வேண்டியவை

இது அரை மணி நேர வேலை. குடும்பக் குழுவை மியூட் செய்யுங்கள். எட்டு மணி நேரம், ஒரு வாரம், எப்போதும் என்று மூன்று தெரிவுகள் வரும். ‘எப்போதும்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். குழுவைவிட்டு வெளியேற வேண்டாம். வெளியேறினால் இப்போதெல்லாம் அட்மினுக்கு மட்டும்தான் தகவல் போகிறது என்றாலும் நம் ஊரில் ஒரு அட்மினுக்குத் தெரிந்தால் போதாதா? தேர்தல் சூடு ஏறும்போது குழுவைக் காப்பகத்துக்குள் (ஆர்கைவ்) தள்ளிவிட்டால் அது கண்ணிலேயே படாது. நாளில் ஒரு முறை, பகல் நேரத்தில், நீங்களாகப் போய்ப் பாருங்கள்.

யூடியூப்பில் கொதிப்பேற்றும் சேனல் ஒன்று வந்தால், அந்த வீடியோவின் பக்கத்தில் உள்ள மூன்று புள்ளியைத் தொட்டு ‘இந்தச் சேனலைப் பரிந்துரைக்க வேண்டாம்’ என்று கொடுங்கள். உங்களுக்குப் பிடித்த கட்சியின் சேனலாக இருந்தாலும் சரி. நம் பக்கத்து ஆள் எதிராளியைக் கிழிப்பதைப் பார்க்கும்போது கிடைக்கும் சந்தோஷம் தூக்கத்துக்கு அதே அளவு கெடுதல்.

ராத்திரி டிவி விவாதத்தைப் பற்றி எனக்குத் திடமான கருத்து உண்டு. நான்கைந்து பேர் ஒரே நேரத்தில் கத்தும் ஒரு மணி நேரத்தில், காலைச் செய்தித்தாளைக் கால் மணி நேரம் வாசித்தால் தெரியாத எதுவும் தெரியவராது. வீட்டில் பெரியவர்கள் இருந்தால் சாப்பாட்டு நேரத்தில் அந்த விவாதம் ஓடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இதைச் சண்டையாகச் செய்யக் கூடாது. “அப்பா, ஒன்பது மணிக்குப் பிள்ளைகளோட ஒரு ரவுண்டு நடந்துட்டு வரலாமா?” என்று கேளுங்கள். பேரன் கையைப் பிடித்தால் ரிமோட் தானாகக் கீழே போகும்.

வந்த செய்தி உண்மையா என்று பாருங்கள்

2023 மார்ச் முதல் வாரத்தில் என்ன நடந்தது என்பதை நினைவுபடுத்திக்கொள்வது நல்லது. தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று வீடியோக்கள் வட மாநிலங்களில் பரவின. வேறு ஊர்களில், வேறு காரணங்களுக்காக நடந்த சம்பவங்களின் வீடியோக்கள் அவை. திருப்பூரிலும் கோவையிலும் பின்னலாடை நிறுவனங்களிலும் பட்டறைகளிலும் வேலை பார்த்தவர்களுக்கு, ஊரிலிருந்து அம்மாவும் மனைவியும் அழுதுகொண்டே போன் செய்தார்கள். பயந்துபோய்ப் பலர் ரயில் நிலையத்துக்கு வந்தார்கள். தமிழகக் காவல் துறை அது பொய் என்று அறிவித்தது. பீகார் அரசு ஒரு குழுவை அனுப்பி நேரில் விசாரித்தது. பரப்பியவர்கள்மேல் வழக்குகள் பதிவாயின.

இதில் நாம் கவனிக்க வேண்டியது அந்த அம்மாவின் நிலைமையை. அவர் பொய் பரப்ப நினைத்தவர் இல்லை. மகன்மேல் உள்ள பாசத்தால் நம்பினார். நம் வீட்டிலும் பொய்யான பதிவை அனுப்புகிறவர் அப்படித்தான், பயத்தாலோ பாசத்தாலோ அனுப்புகிறார். இதை மனதில் நிறுத்தினால் அவர்மேல் வரும் எரிச்சல் பாதியாகிவிடும்.

சரி, சோதிப்பது எப்படி? செய்தியின் மேல் இரட்டை அம்புக்குறி இருந்தால் அது பல கை மாறி வந்தது என்று அர்த்தம். அப்படிப்பட்ட செய்தியை ஒரு நேரத்தில் ஒரு அரட்டைக்கு மட்டும்தான் அனுப்ப முடியும் என்று 2020-லேயே வாட்ஸ்அப் கட்டுப்பாடு வைத்தது, பரவலின் வேகத்தைக் குறைக்கத்தான். வீடியோவை நிறுத்தி ஒரு திரைப்பிடிப்பு எடுத்து கூகுள் லென்ஸில் போட்டுப் பாருங்கள். அதே படம் வேறு தேதியில் வேறு ஊர்ப் பெயரோடு வந்திருந்தால் விஷயம் தெரிந்துவிடும். கடைப் பலகைகளும் வண்டி நம்பர் பிளேட்டும் எந்த மாநிலம் என்று காட்டிக்கொடுக்கும். யூடர்ன் போன்ற தமிழ் சரிபார்ப்புத் தளங்கள் இருக்கின்றன. தமிழக அரசுக்கும் தகவல் சரிபார்ப்பகம் என்று ஒன்று உண்டு. அரசைப் பற்றிய விமர்சனத்துக்கு அரசே தீர்ப்புச் சொல்வதை மட்டும் நம்பாமல், சுயேச்சையான இன்னொரு இடத்திலும் பாருங்கள்.

பொய் என்று தெரிந்த பிறகு அதைக் குழுவில் போட்டு உடைக்காதீர்கள். அனுப்பியவருக்குத் தனியாகச் சொல்லுங்கள்: “சித்தி, இந்த வீடியோ பழசாம், வேற ஊராம். உங்க பேர்ல பரவ வேண்டாம்னுதான் சொல்றேன்.” அவரே குழுவில் இருந்து அழித்துவிட ஒரு வழி கிடைக்கும். இருபது பேர் முன்னால் திருத்தினால் அடுத்த முறை அவர் அனுப்புவதை நிறுத்த மாட்டார். உங்களுக்குத் தெரியாமல் அனுப்புவார்.

வீட்டில் பேசும் விதம்

நம் ஊர் டீக்கடைகளிலும் சலூன்களிலும் ‘இங்கு அரசியல் பேசாதீர்’ என்று பலகை மாட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கடைக்காரருக்கு அரசியல் பிடிக்காது என்று நினைத்துவிடக் கூடாது. பல கடைகளில் அந்தப் பலகைக்குக் கீழேதான் பத்திரிகையும் கிடக்கும், பேச்சும் நடக்கும். பேச்சு எல்லை தாண்டும்போது, “அண்ணே, போர்டைப் பாருங்க” என்று சொல்ல ஒரு ஆதாரம் வேண்டும், அதற்காக மாட்டுகிறார். குடும்பக் குழுவுக்கும் அப்படி ஒரு பலகை தேவை. சண்டை இல்லாத ஒரு நாளில், வீட்டில் எல்லாரும் மதிக்கும் ஒருவர், பாட்டியோ மூத்த அத்தையோ, சொல்ல வேண்டும்: இந்தக் குழு விசேஷத்துக்கும் உடம்பு நிலைமைக்கும், அரசியல் பேசுகிறவர்கள் தனியாக ஒரு குழு வைத்துக்கொள்ளுங்கள். சண்டை நடக்கும்போது இதைச் சொன்னால் ஒரு பக்கத்துக்கு வாயை மூடச் சொன்ன மாதிரி ஆகிவிடும்.

நேரில் பேசும்போது, கருத்தை விட்டுவிட்டு அனுபவத்தைச் சொல்லிப் பாருங்கள். மேலே சொன்ன அந்தப் பெண் இப்படிப் பேசியிருக்கலாம்:

“பெரியப்பா, நீங்க அனுப்பினதைப் படிச்சேன். நான் அந்த பஸ்லதான் தினமும் வேலைக்குப் போறேன். மாசம் ஆயிரம் ரூபாய்க்குக் கிட்ட மிச்சமாகுது. அதனால அந்த வார்த்தை எனக்குக் கொஞ்சம் வலிச்சுது.”

“உன்னைச் சொல்லலைம்மா, பொதுவாச் சொன்னேன்.”

“தெரியும் பெரியப்பா. இந்தப் பணம் எங்கே இருந்து வருதுன்னு நீங்க கேக்குறதும் நியாயமான கேள்விதான். நேர்ல வரும்போது பேசுவோம். பெரியம்மாவுக்கு முட்டிவலி எப்படி இருக்கு?”

அவள் கருத்தை ஒரு அங்குலம்கூட விட்டுக்கொடுக்கவில்லை. அவர் கேள்வியையும் தள்ளவில்லை. பெரியம்மாவின் முட்டிவலியைக் கேட்டது பேச்சை மாற்றுகிற தந்திரம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். இந்த உறவில் கட்சியைத் தவிர வேறு விஷயங்களும் இருக்கின்றன என்பதை இரண்டு பேருக்கும் அது நினைவுபடுத்துகிறது. பெரியவர்களிடம் “தப்பா சொல்றீங்க” என்று தொடங்கினால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். “நீங்க எங்கே பார்த்தீங்க பெரியப்பா?” என்று கேட்டால் அவர் யோசிக்கத் தொடங்குவார்.

புகுந்த வீட்டில் இன்னும் கவனம் வேண்டும். கல்யாணமான முதல் ஒன்றிரண்டு வருஷத்துக்கு மாமனாரின் கட்சியைப் பற்றிக் கருத்துச் சொல்லாமல், அவர் எப்படி அந்தக் கட்சிக்கு வந்தார் என்று கேளுங்கள். அறுபது வயதைத் தாண்டிய எல்லாரிடமும் ஒரு கதை இருக்கும்: பள்ளிக்கூடத்தில் கிடைத்த மதியச் சாப்பாடு, மாணவனாக இருந்தபோது போன ஊர்வலம், தெருமுனைக் கூட்டத்தில் கேட்ட ஒரு பேச்சு. அதைக் கேட்ட பிறகு அவர் கட்சி உங்களுக்குப் பிடிக்காமலே இருக்கலாம். ஆனால் அவரைப் பார்த்தால் மனம் கொதிக்காது.

கருத்தில் துளியும் இறங்கிவராமல் உறவைக் காப்பாற்றியவர்கள் என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது பெரியாரும் ராஜாஜியும். 1910-களின் கடைசியில் ஒருவர் ஈரோடு நகராட்சித் தலைவர், மற்றவர் சேலம் நகராட்சித் தலைவர். குடிநீர், சாக்கடை என்று ஊர் வேலை பார்த்த காலத்துப் பழக்கம் அது. பின்னால் இருவரும் எதிரெதிர்த் துருவங்கள் ஆனார்கள். 1953-ல் முதல்வர் ராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டத்தைக் குலக்கல்வி என்று சொல்லி, பெரியார் விடாமல் எதிர்த்தார். 1954-ல் ராஜாஜி பதவி விலகினார், காமராஜர் வந்தார். இதற்கு முன்பு, 1949-ல், தன் திருமணம் போன்ற அந்தரங்கமான விஷயத்தைப் பேச, அப்போது கவர்னர் ஜெனரலாக இருந்த ராஜாஜியைத் திருவண்ணாமலைக்குப் போய்ச் சந்தித்தவரும் இதே பெரியார்தான். 1972 டிசம்பர் 25 அன்று ராஜாஜி காலமானபோது, 93 வயதில், சக்கர நாற்காலியில் இறுதிச் சடங்குக்கு வந்து அழுதார்.

அவர்கள் மகான்கள், நம்மால் முடியுமா என்று இதை ஒதுக்கிவிடாதீர்கள். அவர்கள் செய்ததில் நம்மாலும் செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. சண்டையை மேடையிலும் பத்திரிகையிலும் வைத்துக்கொண்டார்கள், அதுவும் முழு மூச்சாக. வீட்டு விஷயத்துக்கு அதைக் கொண்டுவரவில்லை. நமக்கு இன்று மேடையும் வீடும் ஒரே போனுக்குள் வந்துவிட்டதால், அந்தக் கோட்டை நாமே கவனித்துப் போட வேண்டியிருக்கிறது.

சண்டை ஏற்கெனவே முற்றிப் பேச்சு நின்றுபோயிருந்தால்? நல்லதுக்குப் போகாவிட்டாலும் கெட்டதுக்குப் போய் நிற்க வேண்டும் என்று நம் வீடுகளில் சொல்வார்கள். அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டால் போய்ப் பாருங்கள், பழத்தைக் கொடுங்கள், பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள். உங்கள் வீட்டு விசேஷத்துக்குப் போனில் அழைக்காமல் வெற்றிலை பாக்கோடு நேரில் போய் அழையுங்கள். பழைய சண்டைக்கு விளக்கம் கொடுக்கத் தொடங்க வேண்டாம். விளக்கம் கொடுத்தால் வழக்கு மறுபடி முதலிலிருந்து நடக்கும். “நீங்க வந்தாத்தான் எனக்கு நிறைவா இருக்கும் மாமா” என்று ஒரு வார்த்தை போதும். வராவிட்டால்? அடுத்த விசேஷத்துக்கும் போய் அழையுங்கள்.

அமைதி காக்கக் கூடாத இடம்

மேலே சொன்ன எதுவும் சாதி இழிவுக்கும், மதத்தின் பேரால் ஒரு கூட்டத்தையே ஒழிக்கச் சொல்கிற பேச்சுக்கும் பொருந்தாது. வரி எவ்வளவு போடலாம் என்பது கருத்து வேறுபாடு. ஒருவர் நமக்குச் சமமான மனிதரா என்பதில் கருத்து வேறுபாடு கிடையாது. அங்கே அமைதியாக இருந்தால் ஆமோதித்ததாகத்தான் அர்த்தம்.

வசவு உங்களை நோக்கியே வருகிறது என்றால், பொறுமையாக இருக்க வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. அந்த இடத்தைவிட்டு விலகலாம், அந்த எண்ணை பிளாக் செய்யலாம், பதிவுகளைத் திரைப்பிடிப்பு எடுத்து வைத்துக்கொண்டு புகார் கொடுக்கலாம். பட்டியல் சாதி, பழங்குடி மக்களைப் பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில் சாதியைச் சொல்லி இழிவுபடுத்துவது 1989-ம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றம். ‘நீ ஏன் இவ்வளவு உணர்ச்சிவசப்படுகிறாய்’ என்று கேட்கிறவர்களிடமிருந்து கொஞ்ச காலம் தள்ளி நில்லுங்கள். உங்களை நம்புகிற இரண்டு பேர் போதும்.

நீங்கள் வேடிக்கை பார்க்கும் இடத்தில் இருந்தால், ஒரே ஒரு முறை, தெளிவாக, கத்தாமல் சொல்லுங்கள்: “இந்த மாதிரிப் பேச்சு இந்த வீட்டில் வேண்டாம் மாமா.” அதற்குமேல் வாதம் தேவையில்லை. அறையில் உள்ள பிள்ளைகள் கேட்கட்டும் என்பதற்காகச் சொல்வது அது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவர்களே சக மாணவனையும் தடுக்க வந்த அவன் தங்கையையும் வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில், சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளை மாணவர்கள் கையில் கட்டக் கூடாது என்பதும் ஒரு பரிந்துரை. கயிற்றைப் பள்ளிக்கூடம் கழற்றலாம். சாப்பாட்டு மேசையில் பிள்ளை கேட்கும் பேச்சை வீட்டில் உள்ளவர்தான் நிறுத்த வேண்டும்.

கை எட்டும் அரசியல்

இத்தனைக்குப் பிறகும் நெஞ்சுக்குள் ஒரு பதைப்பு மிச்சம் இருக்கும். நாடு இப்படிப் போகிறதே, நாம் சும்மா இருக்கிறோமே என்ற பதைப்பு. அது நல்ல உணர்வு. அதை அடக்காதீர்கள், வேலை கொடுங்கள். டெல்லியில் நடப்பதை நினைத்து ராத்திரி முழுக்கக் கொதிக்கிறவருக்கு, தன் தெருவிளக்கு யார் பொறுப்பு என்று தெரியாமல் இருக்கிறது. கொதிப்பு இருக்கும் இடத்தில் கை எட்டவில்லை, கை எட்டும் இடத்தில் கவனம் இல்லை. மனச் சோர்வுக்கு இது ஒரு பெரிய காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கிராமத்தில் இருக்கிறவர்களுக்கு வழி சுலபம். தமிழ்நாட்டில் கிராம சபை வருஷத்துக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எல்லாரும் அதன் உறுப்பினர்கள், யாரும் அழைக்க வேண்டியதில்லை. நகரத்தில் ஏரியா சபைகள், அதாவது வார்டுக்குள் அந்தந்தப் பகுதி மக்கள் கூடும் கூட்டங்கள், 2022 நவம்பரிலிருந்து கூடத் தொடங்கியிருக்கின்றன. வார்டு கவுன்சிலரிடம் தேதி கேளுங்கள். கூட்டம் வரை காத்திருக்க முடியாத விஷயம் என்றால் முதல்வரின் உதவி எண் 1100 இருக்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி மனுப் போட்டால் 30 நாளில் பதில் தர வேண்டும்.

கிராம சபைக்கு முதல் தடவை போகிறவர்களுக்குச் சில விவரம். ஒரே ஒரு கோரிக்கையோடு போங்கள். மேல்நிலைத் தொட்டியைக் கடைசியாக எப்போது கழுவினார்கள், அங்கன்வாடிக் கட்டடத்துக்கு ஒதுக்கிய பணம் என்ன ஆனது என்கிற அளவில் இருந்தால் போதும். அதை மனுவாக எழுதி இரண்டு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். கூட்டத்தில் ஊராட்சியின் வரவு செலவை வாசிப்பார்கள், அந்த இடத்தில் கவனமாக இருங்கள், எழுந்து கேள்வி கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. முடிந்தால் வேறு கட்சிக்காரர் ஒருவரைக் கூட அழைத்துப் போங்கள். தண்ணீர் அவர் வீட்டுக்கும் வரவில்லை அல்லவா? குழுவில் உங்களோடு மல்லுக்கட்டிய பங்காளியாக அவர் இருந்தால் இன்னும் நல்லது. ஒரு வேலையாகச் சேர்ந்து அலைந்தவர்களுக்குப் பேசிக்கொள்ள வேறு விஷயம் கிடைத்துவிடும்.

கூட்டம் முடிந்ததும் கிளம்பிவிடாதீர்கள். உங்கள் கோரிக்கை தீர்மானப் புத்தகத்தில் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள், எழுதவில்லை என்றால் அங்கேயே நின்று எழுதச் சொல்லுங்கள். மனுவின் இரண்டாவது பிரதியில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்தும் தேதியும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போங்கள்.